டிராக்கன் தரையை விட்ட நாள்

விபேகே ஸ்டென்ஹோல்ட் குளிர்காலக் கூட்டத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

ராவ்ன்ஹேடெ மாதிரி விமானச் சங்கத்தின் கொட்டகையில் காப்பியும் பட்டை போட்ட ரொட்டிச் சுருளும் சுற்றி வந்துகொண்டிருந்தன. வெளியே டென்மார்க்கின் ஜட்லாந்துப் பக்கத்து மேற்குக் காற்று தகரத்தை உலுக்கிக்கொண்டிருந்தது. விபேகேயின் அக்கா புருஷன் அஸ்கெர், தன்னுடைய டர்பைன் ஜெட்களைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். மண்ணெண்ணெயில் ஓடும் குட்டி ஜெட் இயந்திரங்கள். கிளம்பும்போது பின்னால் அனல் அடிக்கும். வாசனைகூட விமான நிலைய வாசனை.

“பேட்டரி ஜெட்டெல்லாம் ஒரு ஜெட்டா? ஹேர் டிரையருக்கு இறக்கை ஒட்டின மாதிரி” என்றான் அஸ்கெர்.

கொட்டகையே சிரித்தது. அந்தச் சங்கத்தில் குழாய்க்குள் மின்விசிறி வைத்த ஜெட் பறக்கவிடுபவள் விபேகே ஒருத்திதான். அவளிடம் இருந்தது சின்ன நுரை அட்டை விமானம். கையால் வீசினால் பறக்கும், வயிற்றால் உரசி இறங்கும்.

“கோடை விழாவுக்கு டிராக்கன் கொண்டு வர்றேன்” என்றாள் அவள். “மரத்துல, நானே கட்டி. சக்கரத்துல ஓடி, இந்தப் புல்லுலேர்ந்தே ஏறும். பாத்துக்கிட்டே இரு.”

சிரிப்பு அடங்கிவிட்டது. டிராக்கன் என்பது அந்தக் காலத்துச் சுவீடன் போர்விமானம். ஒரு முக்கோணத்துக்குப் பின்னால் இன்னொரு முக்கோணத்தை ஒட்டியது போன்ற இறக்கை. கிடைமட்ட வால் கிடையாது. டர்பைன்காரர்களே தொடத் தயங்கும் உருவம். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது விபேகேக்கே உறைத்தது. ஆனால் அவள் சொன்ன சொல்லை விழுங்குகிற ஆள் இல்லை.

விபேகேக்கு ஐம்பத்து நான்கு வயது. ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். ஞாயிறு ஆராதனை, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவள் விரல்தான். மற்ற நேரமெல்லாம் வீட்டுப் பின்கட்டு அறையில் பால்சா என்ற லேசான மரத்தின் தூளுக்கு நடுவே இருப்பாள். அந்தக் குளிர்காலம் முழுக்க டிராக்கன் அங்கே வளர்ந்தது. வசந்தம் வந்தபோது அது சாம்பல் பச்சை நிறத்தில், சாப்பாட்டு மேசை நீளத்துக்கு, பார்த்தவர் கண்ணை விடாத அழகோடு நின்றது.

பறக்கத்தான் இல்லை.

முதல் நாள் ஓடுபாதை முழுக்க ஓடி, மேற்கு முனையில் இருந்த, ரை என்னும் கம்புப்புல் தானிய வயலுக்குள் புகுந்தது. இரண்டாவது தடவையும் அதே வயல். மூன்றாவது தடவை போனபோது வயல்காரர் வேலியோரம் நின்றிருந்தார். “அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள மெஷினைக் கொண்டாந்துட்டியா?” என்று விசாரித்தார். அன்று மாலைக்குள் அந்த வாக்கியம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

சங்கத்தில் எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: பெரிய பேட்டரி. விபேகே வாங்கிப் போட்டாள். எடை கூடியதுதான் மிச்சம். வயலுக்குள் இன்னும் ஆழமாகப் போனது.

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் விமானத்தைத் தொடவே இல்லை. பதினோராவது நாள் விசிறியை மட்டும் கழற்றி மேசையில் இறுக்கிப் பிடித்து ஓடவிட்டாள். கெட்டியான, நிறைந்த நாதம். அதைத் திரும்ப விமானத்துக்குள் பொருத்தி ஓடவிட்டாள். கை அப்படியே நின்றுவிட்டது. அரை சுரம் ஏறியிருந்தது. அதே விசிறி, அதே பேட்டரி. மேசையில் பாடிய சுருதி வேறு, வயிற்றுக்குள் பாடும் சுருதி வேறு.

வேக்குவம் கிளீனரின் வாயைக் கையால் பொத்தினால் அது கீச்சென்று குரல் உயர்த்தும். இழுக்கக் காற்று இல்லாமல் விசிறி வெறுமனே சுற்றும். டிராக்கனுக்கும் அதுதான் நடந்தது. நிஜ விமானத்தைப் போலவே இருக்க வேண்டுமென்று அவள் செதுக்கிய கத்தி முனைக் காற்றுவாய்கள், நின்ற இடத்தில் போதுமான காற்றை உள்ளே விடவில்லை. மூச்சுத் திணறுகிறவனைப் பிடித்து ஓடச் சொன்னால் எப்படி ஓடுவான்?

அவள் அஸ்கெருக்குப் போன் செய்தாள். “வில் தராசு எடுத்துக்கிட்டு வாய்யா.”

“எதுக்கு, மீன் எடை போடவா?”

“வா, சொல்றேன்.”

அஸ்கெர் வந்தான். டிராக்கனின் வாலைத் தராசில் கட்டி இருவருமாக இழுவிசையை அளந்தார்கள். விமானத்தின் எடையில் பாதிகூட இழுக்கவில்லை. விபேகே கத்தியை எடுத்தாள். தானே மாதக்கணக்கில் தேய்த்துப் பளபளப்பாக்கிய அடிவயிற்றில், விசிறிக்குச் சற்று முன்னால், நீளவாக்கில் இரண்டு துளைகள் வெட்டினாள். அஸ்கெர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிக்கொண்டான். பிறகு காற்றுவாய்களின் கூர் உதடுகளில் பசை மாவைப் பூசி, கூர் மழுங்க உருட்டிவிட்டாள்.

காய்ந்ததும் மறுபடி ஓடவிட்டார்கள். சுருதி அரை சுரம் கீழே இறங்கி, மேசையில் பாடிய அதே நாதத்தில் வந்து உட்கார்ந்தது. தராசு முள் முன்பு நின்ற இடத்தைத் தாண்டி வெகுதூரம் போனது.

அஸ்கெர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். “கொழுந்தியா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?”

“நீ சொல்லி நான் என்னைக்குக் கோச்சுக்காம இருந்திருக்கேன்? சொல்லு.”

“மூக்குச் சக்கரத்தோட கால் குட்டையா இருக்கு. நிக்கும்போதே தரையை மோந்து பாக்குது. இப்படி நின்னா ஓட ஓட இறக்கை அதைப் புல்லுல அமுக்கத்தான் செய்யும். எவ்வளவு காத்துக் குடுத்தாலும் ஏறாது.”

விபேகே குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். சரிதான். இத்தனை நாள் கண்ணுக்கு முன்னால் இருந்த விஷயம். “இதை ஏன்யா மூணாவது தடவையே சொல்லல?”

“நீ கேக்கலையே. வாயைத் தொறந்தாலே ஹேர் டிரையர் கணக்குத் தீத்துக்கிட்டிருந்தே.”

அவன் தன் உதிரிப் பெட்டியிலிருந்தே இரண்டு விரல் அளவு நீளமான காலைக் கொண்டுவந்து பொருத்தினான். பெரிய பேட்டரியை எடுத்துவிட்டுப் பழையதையே வைத்தார்கள். மறுபடி பறக்கவிட்டுப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. அந்த வாரம் இரண்டு சாவு, ஒரு கல்யாணம்; விபேகே ஆர்கனை விட்டு நகரவில்லை.

விழா நாள் சனிக்கிழமை. அந்தக் கோடையில் மழையே இல்லை. ஓடுபாதையைச் சுற்றியிருந்த புதர்க்காடு பழுப்பேறிக் கிடந்தது, மிதித்தால் நொறுங்கியது. முதல் நாளே தீயணைப்புத் துறை எங்கும் நெருப்பு கூடாது என்று தடை போட்டிருந்தது. சங்கத் தலைவர் லௌரிட்ஸ் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: “டர்பைன் ஒண்ணும் இன்னைக்குக் கிளம்பாது. மன்னிக்கணும்.”

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. சுற்றுவட்டாரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, வண்டிகளை வரிசையாக நிறுத்தி, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஜெட் பார்க்க வந்தவர்கள். அஸ்கெர் தன் இரண்டு பெரிய ஜெட்களுக்கும் துணி போர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மின்சார கிளைடர் ஒன்று பறந்தது. இரண்டு பேர் காற்றாடி விமானங்களைச் சுழற்றிக் காட்டினார்கள். ஜனம் தொத்திறைச்சிக் கடைப் பக்கம் நகர ஆரம்பித்தது.

லௌரிட்ஸ் விபேகேயைத் தேடி வந்தார். அவள் காலையில் ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டு, கறுப்பு உடையைக்கூட மாற்றாமல் அப்போதுதான் வந்திருந்தாள்.

“உன்னுது பறக்குமாம்மா?”

“தெரியாது.”

“தெரியாதுன்னு மைக்கில சொல்ல முடியாதே.”

“அப்ப டிராக்கன் வருதுன்னு மட்டும் சொல்லுங்க. எங்க போகும்னு சொல்லாதீங்க.”

சங்கத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே வயலைப் பார்த்தார்கள். அஸ்கெர் மட்டும் சிரிக்கவில்லை. டிராக்கனைத் தூக்கிவந்து ஓடுபாதையின் கிழக்கு முனையில் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தோடு அவள் பக்கத்தில் வந்து நின்றான். “பேட்டரி நேரம் நான் பாத்துக்கறேன். நீ விமானத்தைப் பாரு.”

அவள் ரிமோட்டின் விசையை முன்னே தள்ளினாள். விசிறி பாடியது. சரியான சுருதி.

காய்ந்த தரை கல் போல இருந்தது. டிராக்கன் புல்லின் மேல் குதித்துக் குதித்து ஓடியது. பிறகு குதிப்பது குறைந்தது. பாதி ஓடுபாதை போனதும் அவள் ரிமோட் குச்சியை மெல்ல இழுத்தாள். மூக்கு எழுந்தது. சக்கரங்களுக்கும் புல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. கம்புப்புல் வயலைத் தாண்டும்போது அது ஆளுயரத்துக்கு மேலே இருந்தது.

“போயிடுச்சு” என்றான் அஸ்கெர்.

ஏறிய வேகத்தில் மூக்கு இன்னும் தூக்கப் பார்த்தது. விபேகே அதை அழுத்திப் பிடித்து நிறுத்தினாள். சக்கரங்களை உள்ளே இழுத்தாள். டிராக்கன் முழு உருவத்தோடு இடப்பக்கம் சாய்ந்து திரும்பியபோது அந்த இரட்டை முக்கோணம் வானத்தில் தெளிவாக விரிந்தது. தொத்திறைச்சிக் கடை வரிசை அப்படியே கலைந்து வேலிக்கு ஓடி வந்தது. அவள் அதை ஓடுபாதைக்கு மேலே தாழ்வாக, முழு வேகத்தில் கொண்டு வந்தாள். ஓசை முன்னால் ஒன்றாகவும், கடந்துபோன பின் இன்னொன்றாகவும் ஒலித்துத் தேய்ந்தது.

இரண்டு சுற்று போனது. “இறக்கு” என்றான் அஸ்கெர். “நேரம் சரியா இருக்கு.”

சக்கரங்களை விரித்து, காற்றை எதிர்த்து, தாழ்ந்து வந்தாள். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குட்டைக்கால் நாய் கயிற்றை உருவிக்கொண்டு ஓடுபாதைக்கு நடுவில் ஓடி வந்தது. நின்று, வருகிற டிராக்கனைப் பார்த்துக் குரைத்தது.

விபேகே விசையை முழுக்கத் தள்ளினாள். விசிறி வேகம் பிடிக்க ஒரு மூச்சு நேரம் ஆகும்; அந்த ஒரு மூச்சு அவளுக்கு யுகமாக இருந்தது. டிராக்கன் நாயின் தலைக்கு மேலே மூக்கைத் தூக்கி ஏறியது.

“பரவால்ல, கடிகாரப்படி இன்னும் ஒரு சுத்துக்கு இருக்கு” என்றான் அஸ்கெர்.

“இல்ல, குரல் இறங்குது.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

“எனக்குக் கேக்குது.”

பேட்டரி வற்றிக்கொண்டிருந்தது. முழுச் சுற்றுக்குக் காணாது. வழக்கமாகத் திரும்பும் சாலை வளைவுக்குப் போகாமல், ஓடுபாதைக்கு இணையாகப் பாதி தூரம் வந்ததுமே அவள் திருப்பினாள். இறுக்கமான திருப்பம். இறக்கை கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றது. பக்கத்தில் யாரோ “ஐயையோ” என்றார்கள். நாயை ஒரு அம்மாள் வாரித் தூக்கிக்கொண்டு ஓடினாள். டிராக்கன் திருப்பத்தை முடித்து நிமிர்ந்தபோது விசிறி நின்றேவிட்டது. காற்றின் இரைச்சல் மட்டும்.

முன்னால் கடைசி மூன்றில் ஒரு பங்கு ஓடுபாதை, அதற்கப்புறம் வயல். அவள் மூக்கை உயர்த்தினாள், இன்னும் உயர்த்தினாள். அகன்ற முக்கோணம் காற்றைத் தடுத்து மெதுவாகி, பின்சக்கரங்களில் தொட்டது. மூக்கைக் கீழே விடாமலே ஓடியது. கடைசியில் மூக்குச் சக்கரமும் இறங்கி, கம்புப்புல் கதிருக்கு நாலடி முன்னால் நின்றது.

கைதட்டல் எழுந்தது. வண்டிகளின் ஹாரன்கள் ஒலித்தன. லௌரிட்ஸ் ஒலிபெருக்கியில் ஏதோ சொல்ல முயன்று, முடியாமல், அதையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். அஸ்கெர் அவளைக் கட்டிப்பிடித்துத் தரையை விட்டுத் தூக்கிவிட்டான்.

“இறக்குய்யா, ரிமோட் கையில இருக்கு.”

“இருந்துட்டுப் போகுது. அந்தத் திருப்பம் என் டர்பைன்ல நான் போடமாட்டேன். சத்தியமா மாட்டேன்.”

சிறுசும் பெருசுமாக ஜனம் டிராக்கனைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து அடிவயிற்றுத் துளைகளை எட்டிப் பார்த்தது. அஸ்கெரே ஒவ்வொருவருக்கும் விளக்கினான், காற்று எப்படிப் போகிறது, சுருதி ஏன் ஏறியது என்றெல்லாம், ஏதோ தானே வெட்டியது போல. விபேகே தடுக்கவில்லை. ஒரு தொத்திறைச்சியைக் கடுகுச் சாறோடு நின்றபடியே தின்றாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“இன்னொரு தடவை விடுவியா? ஒருத்தரும் வீட்டுக்குப் போகமாட்டேங்கறாங்க” என்றார் லௌரிட்ஸ்.

“அந்த நாயைக் கட்டிப் போட்டாச்சா?”

“வண்டிக்குள்ள வச்சு ஜன்னலை இறக்கி விட்டாச்சு.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு புதுப் பேட்டரியை மாட்டினாள். டிராக்கன் நேரே ஓடியது, பாதிப் பாதையிலேயே தரையை விட்டது, மேற்குச் சூரியனை நோக்கி ஏறியது. விபேகே அதைப் பெரிய பெரிய வட்டங்களாகச் சுற்றவிட்டாள். அவசரமே இல்லை அவளுக்கு.