இடப்பக்கம் ஒண்ணும் இல்ல

ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனைக்கு வரும் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கொசு அக்கா. ஊசி இறங்குவதே தெரியாது, அப்படி ஒரு கை. எலும்பும் தோலுமாகக் கிடப்பவர்களின் நரம்பைக்கூடத் தடவிப் பார்த்தே பிடித்துவிடுவாள். அதே கை ஸ்டியரிங்கைத் தொட்டால் வெடவெடவென்று நடுங்கும்.

நாற்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஒன்றும் ஆசை இல்லை. பரிசோதனைக்கூடத்தை ஊருக்கு வெளியே ஒரு புதுக் கட்டடத்துக்கு மாற்றப்போகிறார்கள். காலை ஷிப்டுக்கு அங்கே பஸ் கிடையாது. வேறு வழியில்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் தேர்வில் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்தாள். அடுத்ததில் வண்டி கிளம்பவே இல்லை. அணைந்து அணைந்து போனது. பக்கத்தில் இருந்த அதிகாரி கொட்டாவியை மறைத்துக்கொண்டு, "போதும், இறங்குங்கம்மா" என்றார்.

"அந்த டிரைவிங் ஸ்கூலுக்கு இனிமே போக வேணாம். நானே சொல்லித் தரேன்" என்றார் கணவர்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வேனில் வரும் பிள்ளைகளுக்கு அவர் கேப்டன், அவர்களைப் பெற்றவர்களுக்கும் கேப்டன்தான். வண்டியில் ஒரு கீறல் விழவிடாதவர் என்று பேர். சமீபத்தில்தான் வேனின் பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்தது. எவனோ குறுக்கே வந்து இடித்துவிட்டான் என்று சொன்னார், அவளும் நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டுக் காரில் கிடங்குகள் வரிசையாக இருக்கும் தெருவுக்கு அழைத்துப்போவார். அன்று அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. வீட்டில் அதிர்ந்து பேசாத மனிதர், பயிற்சி என்று உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுவார்.

"கிளட்ச்ச விடு. மெதுவா! மெதுவான்னு சொன்னா காதுல ஏறலையா?"

"கத்தாதீங்க. நீங்க கத்தினா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"ரோட்டுல எவனும் உன்னக் கொஞ்சமாட்டான்."

"ஊசி போடுறப்போ நான் யாரையாவது பாத்துக் கத்தியிருக்கேனா?"

"ஊசி தப்பினா வலி ஒருத்தனுக்குத்தான்."

அவருடைய அவசரம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. இந்த மாதத்துக்குள் லைசென்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று உயிரை வாங்கினார். ஏன் இப்படிப் பறக்கிறீர்கள் என்று கேட்டால் முகம் சுண்டிவிடும்.

அன்றைக்கு அவள் ஓரளவு நன்றாகத்தான் ஓட்டினாள். தெருமுனையில் நிறுத்தினாள். வலப்பக்கமிருந்து வந்த லாரி போகட்டும் என்று காத்திருந்தாள்.

"உங்க பக்கம் பாருங்க. போலாமா?"

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். "இடப்பக்கம் ஒண்ணும் இல்ல. போ."

நகர்ந்தாள். கண்ணோரத்தில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. என்ன மிதித்தாள் என்று அவளுக்கே தெரியாது. வண்டி குலுங்கி நின்று அணைந்தது. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி சைக்கிளோடு பம்பரில் மோதிச் சரிந்தாள்.

இவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அந்தப் பெண்ணின் முழங்கையில் தோல் வழன்றிருந்தது, நல்லவேளை எலும்புக்கு ஒன்றுமில்லை. வண்டியிலிருந்த முதலுதவிப் பெட்டியை எடுத்து மண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டாள். அப்போது மட்டும் கை நடுங்கவில்லை.

"அவரு என் பக்கம் திரும்பிப் பாத்தாரே! பாத்துட்டும் ஏத்துவீங்களா?" என்றாள் அந்தப் பெண். மன்னிப்புக் கேட்கக் கேட்கத் திட்டிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கணவர் காரைச் சுற்றி வந்தார். "எங்கேர்ந்து குதிச்சா இவ?"

"குதிக்கல. அந்தக் கோடியிலேர்ந்து நேரா வந்திருக்கா. மஞ்சக் கோட்டு."

வேனில் உடைந்த கண்ணாடி அவளுக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"என் மூக்கையே பாருங்க. கண்ண அசைக்கக் கூடாது."

"என்ன விளையாட்டு இது, நடுத்தெருவில?"

"பாருங்கன்னா பாருங்க."

கண் டாக்டர் சோதிப்பதைப்போல வலக்கையைப் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டினாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்தாள். தன் காதுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அவர் இமை அசைந்தது.

"எப்பலேர்ந்து?"

கேப்டன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். "போன மழைக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டார். பார்வை ஓரத்துலேர்ந்து சுருங்கிட்டே வருதாம். போனது வராதாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ லைசென்ஸ் எடுத்துட்டா உன் வேலை நிலைக்கும், அப்புறம் வேனை விட்டுடலாம்னு இருந்தேன்."

"அதுவரைக்கும்? நாளைக்குக் காலையில அத்தனை பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டுத்தானே போயிருப்பீங்க?"

"நான் மெதுவாத்தான் ஓட்டுறேன். தலையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிறேன்."

"இப்பவும் திருப்பித்தான் பாத்தீங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் எதிர்த்துப் பேசியிருப்பார். போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். "ஸ்கூலுக்கு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். அப்புறம் என்னை மன்னிக்க மாட்டீங்க, தெரியும். இருந்தாலும் சொல்லுவேன்."

அவர் எண்ணைத் தேடி அழுத்தினார். பிறகு பேசினார். மூன்றே வாக்கியம். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஆமாங்க, நாளையிலேர்ந்தே" என்று வைத்துவிட்டார். காரைப் பூட்டிவிட்டு இருவரும் நடந்தே வீடு வந்தார்கள். கையைப் பிடிக்கப் போனாள். உதறிவிட்டார்.

அடுத்து வந்த நாட்கள் கொடுமையாகக் கழிந்தன. காலையில் வேன் கிளம்பும் நேரத்துக்கு எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவள் மறுபடி டிரைவிங் ஸ்கூலுக்கே போனாள். தேர்வில் தேறிவிட்டேன் என்று சொன்னபோது, "சரி" என்றார். அவ்வளவுதான். நல்லது செய்தோமா, மனிதரை உடைத்துவிட்டோமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

புது இடத்துக்குத் தனியாகக் கிளம்பிய முதல் நாள், வீட்டுத் தெருவின் ஏற்றத்தில் வண்டி அணைந்துவிட்டது. திரும்பக் கிளப்பினாள், பின்னால் வழுக்கியது. பின்னாலிருந்து ஒரே ஹாரன். 

கண்ணாடியில் பார்த்தாள். அவர் சட்டை கசங்காமல் வாசலிலிருந்து இறங்கி, சுவரோரமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நடந்து வந்துகொண்டிருந்தார். அவள் காருக்குப் பின்னால் போய் நின்று, ஹாரன் அடித்தவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"நில்லுங்கய்யா! புதுசா ஓட்டுறாங்க. ஒரு நிமிஷம் பொறுத்தா குடியா முழுகிடும்?"

ஹாரன் நின்றது. கார் முனகி, திணறி, மேலே ஏறியது. அவர் நடுரோட்டிலிருந்து எப்படி ஓரத்துக்குப் போவார் என்று அவளுக்குப் பதைத்தது. இறங்கிப் போய்க் கூட்டிவர முடியாது. யாரோ ஒருவர் வண்டியிலிருந்து இறங்கி அவர் தோளைத் தொடுவது கண்ணாடியில் தெரிந்தது. ஏற்றம் முடிந்ததும் எதிரே சாலை முழுக்க வண்டிகள். கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து, முன்னால் பார்த்து ஓட்டினாள்.