முப்பிடாதி அழிக்க மாட்டாள்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஒரு தாயின் பெயர் கம்ப்யூட்டருக்குள் போய் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் வீடு. மகள் பானுமதிக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடும் செயலி ஒன்று. அது ஓடுவது எங்கோ வாடகைக்கு எடுத்த கிளவுட் கம்ப்யூட்டர்களில். செய்து பார்க்க ஓர் இடம், ஒத்திகைக்கு ஓர் இடம், நோயாளிகள் நிஜமாகவே டோக்கன் எடுக்க ஓர் இடம். ஒவ்வொன்றுக்கும் முழ நீளத்துக்குக் கட்டளை தட்ட வேண்டும். பானு அத்தனையையும் ஒரே சின்னக் கட்டளைக்குள் சுருட்டி வைத்தாள். எந்த இடம் என்று ஒரு தடவை சொன்னால் போதும், அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு அம்மாவின் பெயரையே சூட்டினாள்: முப்பிடாதி. வீட்டில் அத்தனை பேரையும் ஒற்றை ஆளாக மேய்ப்பவள் வேறு யார்?

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஒரு நாள் கூட வேலை பார்க்கும் வெங்கியிடம் போனில், "முப்பிடாதியக் கூப்பிட்டு டெஸ்ட்ட அழிச்சிரு" என்றது அடுப்படிவரை கேட்டுவிட்டது.

"ஏட்டி, எம் பேரச் சொல்லியா அழிக்கச் சொல்லுத? அது நம்ம கொலசாமி பேருட்டி!"

"யம்மா, அது சும்மா செஞ்சு பாக்குற எடம். அழிச்சிட்டுத் திரும்பக் கட்டுவோம்."

"கட்டுறதுக்கு எம் பேரச் சொல்லு. அழிக்கதுக்கு உம் பேரச் சொல்லிக்கோ."

அதோடு பேச்சு நின்றது. சோறு வந்தது, குழம்பு வந்தது, வார்த்தை வரவில்லை. பானுவுக்குத் தாங்கவில்லை. அழிக்கும் வேலையை மட்டும் அந்தக் கட்டளையிலிருந்து எடுத்துவிட்டாள். இனி அழிப்பதென்றால் பழையபடி முழு நீளமும் தட்ட வேண்டும். "எடுத்துட்டேம்மா" என்று போய்ச் சொன்னாள். அம்மா திரும்பியும் பார்க்கவில்லை.

மாட்டுங்காவிலிருந்து வெங்கி போனில் குதித்தான். "அரே பானு, உங்கம்மாவுக்குக் கோவம்னா நான் எதுக்கு இவ்ளோ டைப் அடிக்கணும்?"

"அடி. வெரலு தேஞ்சிராது."

முனகிக்கொண்டே தட்டியவன், இடத்தின் பெயரை எழுத வேண்டி வந்ததும்தான் திரையைப் பார்த்தான். காலையில் எதையோ சரிசெய்யப் போனவன் இன்னும் நிஜமான இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். பழைய சின்னக் கட்டளையாக இருந்தால், நினைவில் இருந்த அந்த இடத்தையே கேட்காமல் அழித்திருக்கும்; நோயாளிகளின் டோக்கன் அத்தனையும் காற்றோடு போயிருக்கும்.

"பானு, போனை மாமிகிட்ட குடு."

கொடுத்தாள்.

"மாமி, நீங்க கோவிச்சுண்டது இன்னிக்கு என் வேலையைக் காப்பாத்தித்து."

"என்னத்தக் காப்பாத்துனேனோ! பதறாதீங்க தம்பி. மொதல்ல தண்ணி குடிங்க." போனை வைத்துவிட்டு அம்மா மகளைப் பார்த்தாள். "என்னட்டி முழிக்க? எம் பேரு அங்கனயே கெடக்கட்டும். வா, சாப்பிடு."

உங்கள் வீடுகளிலும் பேச்சு நின்றால் ஒரு வேளைக்கு மேல் நிற்காமல் இருக்கட்டும். பெற்றவர்களும் பிள்ளைகளுமாக நிறைந்து நன்றாயிருங்கள், கண்ணுகளா.