மஞ்சள் விலகிய பூனைகள்

அச்சங்குளத்தில் மாடத்தி வீட்டுப் படப்புத்தகத்திலிருந்து பூனைகள் இறங்கிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முதலில் அட்டையிலிருந்த பூனை, அதன் பின்னே பால் குடித்துக்கொண்டிருந்தது, கடைசியாகக் குடை பிடித்தது என்று வரிசையாகப் படி தாண்டிக் கருவேலங்காட்டை நோக்கி நடந்தன. கிண்ணமும் குடையும் தாளிலேயே கிடந்தன. அது கடையில் வாங்கிய புத்தகமன்று. தொலைதூர நகரத்துப் பிள்ளைகளுக்காகச் சிவகாசியில் அச்சாகும் கதைப்புத்தகங்களில், நிறம் சரியாக உட்காராத தாள்கள் கழிக்கப்பட்டு, லோடு லோடாகப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வந்து வெடிக்குழாயாகச் சுருளும். ஊரார் பிள்ளைக்குப் படமாக விரியும் தாள், சுருட்டுகிறவளின் பிள்ளைக்கு வெடிச்சத்தமாக மட்டுமே எட்டும். அந்த நியதியை மீறி மாடத்தி சில தாள்களை இடுப்பில் செருகி வந்து, சணலால் தைத்து, மகள் இசைவாணிக்குக் கொடுத்திருந்தாள். பூனைகள் ஓரிடத்திலும் அவற்றின் மஞ்சள் சற்றே தள்ளியும் அச்சாகியிருந்தன.

வெற்றுப் பக்கங்களைக் கண்டு இசைவாணி அழுதாள். "மையில தண்ணியக் கலந்துட்டானுக, வெயில்ல வெளுத்துப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மாடத்தி வேலைக்குக் கிளம்பினாள். கணவன் சங்கிலிமுத்துவும் உடன் சென்று, கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைக்குள் நுழைந்தான். நண்பகலில் அந்த அறை வெடித்தது. அரைஞாண் கயிற்றை வைத்தே அவனை அடையாளம் கண்டார்கள். மாலையில் பூனைகள் திரும்பி வந்து, கரிசல் மண் ஒட்டிய பாதங்களோடு அதனதன் பக்கத்தில் படுத்துக்கொண்டன.

தீபாவளி சீசனில் அவை மறுபடியும் இறங்கின. இம்முறை மாடத்தி மையைக் குறை சொல்லவில்லை. ஆள் ஏற்ற வந்த கம்பெனி வேனை மறித்து நின்றாள்.

"என்ன மாடத்தி, பூனைக்கும் சேத்து லீவு வேணுமாக்கும்?" என்றார் போர்மேன் ஜெயபாண்டி.

"சிரிக்காதீக அண்ணாச்சி. போன தடவ பூனை போச்சு, எம் புருசனும் போயிட்டாக. ஏறுறவுக ஏறுங்க. பிள்ளைகள யாருகிட்ட விட்டுட்டுப் போறீகன்னு மட்டும் சொல்லிட்டு ஏறுங்க."

எவரும் ஏறவில்லை. ஆளில்லாத அறை வெடித்துக் கூரை பறந்தது. ஓர் உயிரும் போகவில்லை.

அன்று மாலை முதலாளியே அவள் வீடு தேடி வந்தார். "அந்தப் பொஸ்தகம் கம்பெனியில இருந்தா அம்புட்டுப் பேருக்கும் பாதுகாப்புல்லாம்மா?" என்றார். "வாசக் கேட்டுல வைங்க முதலாளி. எல்லார் கண்ணுலயும் படணும்" என்று சொல்லி மாடத்தி புத்தகத்தைக் கொடுத்தாள். நம்பிக் கொடுத்தாள், உழைக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பிழையும் அதுவே. புத்தகம் வாசலுக்கு வரவில்லை. முதலாளி அறையின் கண்ணாடி அலமாரிக்குப் போனது. இனி ஒரு தாளும் வெளியேறக் கூடாதென்று பெண்களின் தூக்குவாளிகள் சோதிக்கப்பட்டன. கார்த்திகையில் ஒரு காலை, அலமாரிப் பக்கங்கள் வெறுமையானதைக் கண்டதும் முதலாளியின் வெள்ளைக் கார் கிளம்பிற்று. பெண்கள் தலை நிமிராமல் திரி செருகிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அழகுமீனாவும் பொன்னுத்தங்கமும் வீடு திரும்பவில்லை. வெடிப்புக்கு உராய்வே காரணம் என்று அறிவிக்கப்பட்டது.

முதலாளி அறையைப் பெருக்குகிறவள் கண்டதைச் சொல்ல, பெண்கள் காரைக் கவனிக்கலாயினர். கார் நகர்ந்தால் அவர்களும் எழுந்து வெளியேறினர். ஆர்டர்கள் தேங்கின. கம்பெனி, எஞ்சின் இல்லாத கார் ஒன்றை இழுத்து வந்து, வெள்ளையடித்து, அதே இடத்தில் நிறுத்தியது. முதலாளி போக வரப் பின்வாசலுக்கு மாறினார். சக்கரங்களில் நெருஞ்சி படர்ந்தது. மாடத்தி அப்போதும் வேலைக்குப் போனாள். வேறு பிழைப்புக்கு அந்த மண்ணில் மழையில்லை.

"கார் நிக்குல்லா, மதினி?" என்று புதிதாகச் சேர்ந்த ரோஜா கேட்டாள்.

"அது எப்பவும் நிக்கும். நீ மதிலுக்கு அடியில தண்ணி போற ஓட்டையப் பாரு. பூனை போனா தூக்குவாளியக்கூட எடுக்காத, ஓடு."

இந்தப் பேச்சும் மேலே போய்ச் சேர்ந்தது. மறுவாரமே சிமெண்டு வந்து இறங்க, ஓட்டை அடைக்கப்பட்டது. பூனை மதில் ஏறும் என்பதைக் கம்பெனிக்கு இதுவரை எவரும் சொல்லவில்லை. பெண்கள் இப்போது தலை நிமிர்ந்தே திரி செருகுகிறார்கள்.