முன்னால் நிற்பவரைக் கேள்

"இதைக் கண்டுபிடிச்சது நீங்க ஒருத்தர்தானே?" என்று காப்புரிமை வக்கீல் கேட்டபோது, சின்னவன் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டான்.

"எங்க அண்ணிக்கும் இதுல பங்கு இருக்கு மேடம்."

"அவங்க எந்த டீம்?"

"டீம் இல்ல. பல் டாக்டர். குளியலறை வாசல்ல நிக்கும்போது சொன்னாங்க."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார்.

சின்னவனின் கண்டுபிடிப்பு இதுதான். ஒரே கோப்பில் பல கணினி நிரல்கள் எழுத வரும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் எழுதலாம். மற்றவை சும்மா இருக்குமா? "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கோப்பைக் காக்கும் கணினியை நச்சரிக்கும். அதற்குப் பதில் சொல்லியே அந்தக் கணினி களைத்துப்போகும். அவன் வீட்டுக் குளியலறையும் அப்படித்தான். உள்ளே அப்பா, வெளியே மூன்று பேர் மாற்றி மாற்றிக் கதவைத் தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அப்பா குழாயை மூடி, "இதோ வர்றேன்!" என்று கத்தி, மறுபடி திறப்பார். குளியல் நீண்டுகொண்டே போகும். ஒருநாள் அண்ணி, "இனிமே யாரும் கதவைத் தட்டக் கூடாது. அவங்கவங்க முன்னாடி நிக்கிறவங்களைக் கேளுங்க, போதும்" என்று சட்டம் போட்டாள். சின்னவன் அதையே நிரல்களுக்கும் சொல்லிக் கொடுத்தான்.

"உண்மையான ஆளை விட்டாலும் காப்புரிமை செல்லாது, சம்பந்தமில்லாத ஆளைச் சேர்த்தாலும் செல்லாது" என்றார் வக்கீல். "நாளைக் காலைல தெளிவாச் சொல்லுங்க. இல்லேன்னா கம்பெனி இதைக் கைவிட்டுடும்."

அவன் செய்த எதிலும் இதுவரை அவன் பெயர் இருந்ததில்லை. இதில்தான் முதல்முறையாக வரவிருந்தது. அதைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமோ என்று நினைத்தபடி வீடு வந்தான்.

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். "என் பேரா? அட போ தம்பி! என் க்ளினிக்ல எல்லாரும் பண்றதுதானே அது. உள்ள வந்ததும் 'கடைசி யாரு?'ன்னு கேட்டுட்டு உக்காருவாங்க. என் பேரைப் போட்டா ஊர்ல பல்லு வலிக்காரங்க எல்லாரும் கேஸ் போடுவாங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அண்ணியுடையது இல்லை என்றால் அவனுடையதும் இல்லையே! வக்கீலுக்கு போன் போட்டான்.

"அப்போ இந்த வரிசை யோசனை பழசு" என்றார் அவர். "அதை விடுங்க. நடுவுல ஒரு நிரல் காத்திருக்காம போயிட்டா என்ன ஆகும்?"

சின்னவனுக்குக் குரல் ஏறியது. "அங்கதான் மேடம் விஷயமே! பின்னாடி நிக்கிறது, இல்லாத ஆளையே கேட்டுக்கிட்டு நிக்கும். அதனால விலகுற நிரல், தனக்குப் பின்னாடி இருக்கிறதை முன்னாடி இருக்கிறதோட கோத்து விட்டுட்டுத்தான் போகணும். சங்கிலியில ஒரு வளையத்தைக் கழட்டினா ரெண்டு பக்கத்தையும் சேர்க்கிற மாதிரி."

"இது யாரு சொன்னது?"

"நான்தான். சத்தியமா நான்தான்."

"பிறகென்ன? கோத்து விடுறதுக்குத்தான் காப்புரிமை கேக்கப் போறோம். காலைல வந்து கையெழுத்துப் போடுங்க."

மறுநாள் காலை அப்பா உள்ளே இருந்தார். வாசலில் அண்ணன், சின்னவன், அண்ணி என்று வரிசை. அண்ணன் கொட்டாவி விட்டு, "நான் இன்னும் கொஞ்சம் தூங்குறேன். டேய், எனக்கு முன்னாடி அப்பா. இனிமே நீ அவரைக் கேட்டுக்க" என்று தோளில் தட்டிவிட்டு அறைக்கு நடந்தான்.

சின்னவனுக்குத் தலை சுற்றியது. கோத்து விட்டுவிட்டுப் போகிறானே!

"அண்ணா! இப்படிச் சொல்லிட்டுப் போறது எப்போ இருந்து?"

"ஏன், நல்லாத்தானே சொன்னேன்?"

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அண்ணன் திரும்பி முறைத்தான். "சொல்லிக் குடுத்தாங்களா? நான் சொல்லாம தூங்கப் போனேன்னு இதே இடத்துல நின்னு கத்தினது யாருடா? 'பின்னாடி நிக்கிறவன் அம்போன்னு நிக்கணுமா'ன்னு குதிச்சியே! ஆபீஸ்ல அந்த வேலையை நீ தொடங்கவே இல்ல அப்போ."

சின்னவனுக்கு அது துளிகூட ஞாபகமில்லை. வக்கீலிடம் போனில் நடந்ததைச் சொன்னான்.

"யோசிச்சது நீங்கதானே? எங்க நின்னு யோசிச்சீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. உடனே கிளம்பி வாங்க!"

சரி, தன்னுடையதேதான். ஆனால் நிரலைப் பற்றி யோசிக்கும் புத்தி முன்பே இருந்ததால் அண்ணனைத் திட்டினானா, அண்ணனைத் திட்டியதால்தான் நிரல் பிறந்ததா? சொந்த யோசனையைக் கூட அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே! குழம்பியபடியே சட்டையை மாட்டினான். பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டான். குளிக்காமலே படியிறங்கிவிட்டான்.

குளியலறை வாசலில் அண்ணி தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி!" அவள் குரல் தெருவரை வந்தது. "ஒரு வார்த்தை சொல்லாமப் போறியே, எனக்கு முன்னாடி இப்போ யாரு?"