பதினோரு ஒளித்துகள்

1

இந்தக் கதை எனக்கு வேங்கிக்காலில் ஒட்டியிருந்த ஒரு சுவரொட்டியில் கிடைத்தது. ‘விண்ணில் அக்னி கண்ட வீரமங்கை மதிவதனிக்குப் பாராட்டு விழா.’ வருடம் 2004. அந்தப் பெண்ணின் படத்தைவிட விழாத் தலைவர் சக்கரபாணியின் படம் மூன்று மடங்கு பெரிது. இது போதும், கதை தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் தொடக்கம்: “மலையுச்சியில் தீபம் எரிய, அதற்கும் மேலே வானத்தில்—”

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எவனும் முதல் வரியிலேயே மலையைக் கொளுத்திவிடுகிறான்.

2

மதிவதனி கீழ்பென்னாத்தூர்க்காரி. மல்லாட்டை (நிலக்கடலைதான்) பயிரிடும் பரசுராமனின் மகள். பெங்களூரில் ஆராய்ச்சி. பெரிய விண்மீன்கள் சும்மா பிறப்பதில்லை. பிறக்கும்போதே இரண்டு பக்கமும் வாயுவைப் பீய்ச்சி அடிக்கும். அது சுற்றியுள்ள மேகத்தில் மோதினால் பல லட்சம் டிகிரிக்குச் சூடேறி எக்ஸ்ரே வரலாம். அப்படி மோதும் இடத்தில், செயற்கைக்கோள் எடுத்த படத்தில், அவள் எக்ஸ்ரே கண்டாள். அதற்குச் சாட்சி மொத்தமே பதினோரு ஒளித்துகள். (சிரிக்காதீர்கள். ஒன்றுமே இல்லாமல் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் நம்மிடையே உலாவுகிறார்கள்.)

கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அதை நம்பி வெளிநாட்டில் வேலையும் கிடைத்தது. விழாவுக்கு நான்கு நாள் முன்புதான் தப்பு தெரிந்தது.

எக்ஸ்ரே படத்தை மற்றப் படங்களோடு பொருத்த, கொஞ்சம் நகர்த்த வேண்டும். அவளுடைய பேராசிரியர் கொடுத்த கணினி நிரல் அதை ஏற்கெனவே நகர்த்தியிருந்தது. இவள் அது தெரியாமல் இன்னொரு முறை நகர்த்தினாள். சரியாக வைத்தால் அந்தப் பதினொன்றும் பக்கத்திலிருக்கும் ஒரு சாதாரண இளம் விண்மீனின் மேல் போய் உட்காருகின்றன. இளம் விண்மீன் எக்ஸ்ரே விடுவதில் அதிசயம் எதுவுமில்லை.

பேராசிரியரிடம் ஃபோனில் சொன்னாள். “யாரும் கவனிக்கலை இல்ல? அச்சுல வரட்டும்” என்றார். (இவரை நல்லவராக எழுதிப் பார்த்தேன். மூன்று வரி தாங்கவில்லை.)

3

மண்டபத்தில் சக்கரபாணி முழங்கினார்: “எக்ஸ்ரேல்லாம் நம்ம சித்தருங்க எப்பவோ பாத்துட்டாங்க. வெள்ளைக்காரன் லேட்டு!”

பிறகு மைக் மதிவதனியிடம் வந்தது.

“நான் கண்டுபிடிச்சதா சொன்னது தப்புங்க. படத்தை ரெண்டு தடவ நகத்திட்டேன். அந்த எடத்துல எதுவும் இல்லீங்க.”

மண்டபம் அதிரக் கைதட்டல்.

“எவ்ளோ அடக்கம் பாத்தீங்களா!” என்று சக்கரபாணி பொன்னாடையைப் போர்த்திவிட்டார்.

முன்வரிசையில் பரசுராமன் மட்டும் கையைத் தட்டவில்லை.

4

மறுநாள் காலை, பிரவுசிங் சென்டர். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் திரையில். பக்கத்து ஸ்டூலில் அப்பா.

“நேத்து நீ சொன்னது எனக்குப் புரிஞ்சிதும்மா.”

“தெரியும்பா.”

“வேற எவனுக்கும் புரியல. அதோட விட்டுடேன். வேல போயிடும்னு நீயேதான சொல்ற.”

“நாளைக்கு எவனாவது சரியா வெச்சிப் பாப்பான்பா.”

“பாக்கலன்னா?”

அவள் கையை மவுஸின் மேல் வைத்தாள்.

முடிவு ஒன்று: அனுப்பினாள். வேலை போனது. மனம் லே—

த்தூ. வேலை போனவளுக்கு மனம் எங்கே லேசாகும்?

முடிவு இரண்டு: அனுப்பவில்லை. அந்தக் கட்டுரையை நம்பி வேறொரு பெண் நான்கு வருடம் அதே இடத்தைத் தேடித் தேடி—

இதை எழுதி முடிக்க எனக்குத் தெம்பில்லை.

5

‘அனுப்பு, அனுப்பு’ என்கிறீர்கள். ஊரான் வேலை என்றால் நமக்கெல்லாம் நேர்மை பொங்கிக்கொண்டு வரும்.

பரசுராமன் சொன்னதில் ஒரு பிழை. அந்த மண்டபத்தில் இன்னொருவனுக்கும் புரிந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு விளங்கியது. எழுந்து நின்று, ‘அந்தப் பெண் சொல்வதைக் கேளுங்களய்யா’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். எல்லாரும் தட்டினார்கள், நானும் தட்டினேன்.

எனவே முடிவு எழுதும் யோக்கியதை எனக்கில்லை. அவள் கை மவுஸின் மேல் இருக்கிறது, அப்பா அவள் முகத்தையே பார்க்கிறார். முடித்துவைக்க நீங்கள் வாருங்கள். உங்களுக்கென்ன, உங்கள் வேலையா போகப்போகிறது?