ஒன்பது மணி ஆட்டம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நான் சொல்லாவிட்டாலும் என்னைத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லிவிடுவார்கள். ஆயத்த ஆடை ஆலையில் பதினேழு வருடமாகச் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் சட்டையை விளக்குக்கு அடியில் விரித்துப் பிடித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை இருக்கிறது என்று பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவளுக்கு வீட்டுக்கு வந்ததும் கண் மூடிக்கொள்ளுமா?

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். டென்னிஸ் ஆடுகிறாள். டிவியில் வருகிற டென்னிஸ் இல்லை, அதற்கு ஏழெட்டு மாடி கீழே இருக்கிற டென்னிஸ். அங்கே பார்வையாளர் என்றால் ஆடுகிறவளின் அம்மா, எதிராளியின் அப்பா, நிழல் தேடி வந்த ஒரு நாய், அவ்வளவுதான்.

அந்த உலகத்தில் ஒவ்வொரு போட்டிக்கும் முக்கியச் சுற்று என்று ஒன்று உண்டு. முப்பத்திரண்டு பேர் ஆடுவார்கள். அதில் முதல் ஆட்டத்தை ஜெயித்தால் ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி வந்துவிட்டால் உலகத் தரவரிசைப் பட்டியலின் அடிமட்டத்தில் ஓர் ஓரமாகப் பெயர் வந்துவிடும். பாப்பா எட்டு வயதிலிருந்து ஓடியது அந்த ஒரு புள்ளிக்குத்தான். ஆனால் முக்கியச் சுற்றுக்குள் நுழைய வேண்டுமே. ஏற்கெனவே பட்டியலில் பெயர் இருப்பவர்கள் நேராகப் போவார்கள். இல்லாதவர்கள் அதற்கு முன்னால் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்துப் போக வேண்டும். மூன்றாவது வழி வைல்டு கார்டு. போட்டியை நடத்தும் கிளப் நான்கு பேரைத் தன் இஷ்டத்துக்குக் கூப்பிட்டு, தகுதிச் சுற்று இல்லாமலே உள்ளே உட்கார வைக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கிளப்பின் செயலாளர் பாப்பாவுக்கு வைல்டு கார்டு தருவதாகச் சொன்னார். எதைக் கேட்டாலும் "நாளைக்குச் சொல்றேன்" என்பார். அதனால் அவருக்கு நாளைக்குக்காரர் என்று நானே பெயர் வைத்திருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்து, கடைசியில் விளம்பரப் பலகை கொடுத்த கம்பெனிக்காரரின் மகளுக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்குக் கிளப் கேன்டீனில் பத்துப் பேர் இருக்கும்போது நான் சத்தமாகச் சொன்னேன். "வைல்டு கார்டுங்கிறது ஓசி டிக்கெட். என் பொண்ணுக்கு அந்த எச்சில் வேண்டாம். அவ வரிசையில நின்னே உள்ள போவா."

பாப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்குப் போனாலும் வைல்டு கார்டில் ஆடும் பெண்களைப் பார்த்து நான் எதையாவது சொல்வேன். அவள் சிரிப்பாள். எனக்கு அது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

இந்த வருடம் அவளுடைய வலது தோள் போய்விட்டது. எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தசைநார் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறதாம். அறுவை செய்தே ஆகவேண்டும், செய்தபின் சாதாரண வேலையெல்லாம் செய்யலாம், மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கி சர்வ் போடுவதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் என்றார். பாப்பா ஒரே ஒரு போட்டிக்கு அவகாசம் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "ஒன்னு ரெண்டு ஆட்டம்னா தாங்கும்மா. மூணு நாலுன்னா எனக்கு நம்பிக்கை இல்லை" என்றார்.

அதாவது வைல்டு கார்டு கிடைத்தால் ஒரே ஆட்டத்தில் புள்ளி. கிடைக்காவிட்டால் அதே புள்ளிக்கு நாலு ஆட்டம். இந்தக் கணக்கு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

போட்டி அதே கிளப்பில்தான். போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் தகுதிச் சுற்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கிளப்புக்கு எதிர்த்தெருவில் எடுத்திருந்த மாடி அறைக்கு வந்தோம். பாப்பா கட்டிலில் உட்கார்ந்து தோளில் ஐஸ் பையை வைத்துக்கொண்டாள்.

"ம்மா, செயலாளர் சாரைப் பார்த்தேன். ஒரு வைல்டு கார்டு இன்னும் பாக்கி இருக்காம். நாளைக்குச் சொல்றேன்னாரு."

"சொல்வாரு சொல்வாரு. அவரோட நாளைக்கு எப்பதான் வந்திருக்கு?"

"ஒருவேளை கொடுத்தாருன்னா?"

வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் "கொடுத்தா வாங்கிக்கோடி, தோளைக் காப்பாத்திக்கோ" என்று சொல்லியிருப்பாள். எனக்குள்ளும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மனுஷரின் பெயரைக் கேட்டதும் வாய் முந்திக்கொண்டது.

"கொடுத்தா போய் வாங்கிக்கோ. அப்புறம் ஊரெல்லாம், அம்மாக்காரி வாய் கிழியப் பேசினா, பொண்ணு கையை நீட்டி வாங்கிட்டான்னு சொல்லட்டும்."

அவள் ஐஸ் பையை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டு, "சும்மாதான் கேட்டேன்" என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் ஏழரை மணிக்கே தோளில் டேப் ஒட்டிக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பிப் போனாள். அவளுக்கு ஒன்பது மணி ஆட்டம். எட்டரைக்கு நான் போனபோது நான்காம் நம்பர் ஆடுகளத்தின் கதவருகே பையோடு நின்றிருந்தாள்.

"என்னவாம் நாளைக்குக்காரர்?"

"பட்டியல் இன்னும் ஒட்டலைம்மா. நான் போய் ஆடுறேன்."

ஆடினாள். ஆறு ஒன்று, ஆறு இரண்டு. அப்படி ஓர் ஆட்டத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை. பந்து எங்கே வரும் என்று அதற்கே தெரிவதற்கு முன்னால் இவள் அங்கே போய் நின்றாள். முடித்துவிட்டு வெளியே வந்தபோது, அலுவலகச் சுவரில் வைல்டு கார்டு பட்டியல் ஒட்டியிருந்தார்கள். நாலாவது பெயர் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியுடையது. அந்தக் கிளப்பிலேயே பயிற்சி எடுப்பவள்.

எனக்குக் கோபம் வந்ததைவிடச் சந்தோஷம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நான் சொன்னது பலித்துவிட்டதே! கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் செயலாளர் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே பேசினேன்.

"பார்த்தியா? சிலர் புத்தி எப்பவும் மாறாது. நல்லவேளை, அவரை நம்பி உட்கார்ந்திராம போய் ஆடினே."

செயலாளர் நிமிர்ந்து பாப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாப்பாவைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாம் ஆட்டத்தில் தோள் பேச ஆரம்பித்தது. ஒவ்வொரு சர்வுக்குப் பிறகும் வலது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள். முகத்தை எனக்குக் காட்டமாட்டாள். எப்படியோ ஜெயித்தாள். மூன்றாம் நாள் சர்வை மெதுவாகப் போட்டாள். சின்னக் குழந்தைக்குப் பந்து போடுகிற மாதிரி இருந்தது. எதிராளி அதை வாங்கி வாங்கி மூலைக்கு அடித்தாள். இவளும் விடவில்லை. ஆளுக்கு ஒரு செட். தகுதிச் சுற்றில் மூன்றாம் செட் கிடையாது, முதலில் பத்துப் புள்ளி எடுக்கிறவர் ஜெயித்தவர். எட்டு எட்டு வரை வந்தாள். எட்டு ஒன்பது ஆனது.

அடுத்த பந்தை எதிராளி ஓங்கி அடித்தாள். அது பாப்பாவின் பக்கத்துக் கோட்டருகே விழுந்தது. எங்கள் மாதிரி ஆட்டங்களுக்குக் கோட்டைப் பார்க்க ஆள் போடமாட்டார்கள். பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர்தான் உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டும். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது வெளியே. பாப்பா குனிந்து பார்த்தாள். உள்ளே என்று உள்ளங்கையைத் தரையை நோக்கிக் காட்டினாள். அவ்வளவுதான், முடிந்தது.

வலைக்குப் போய் இடது கையால் கை கொடுத்தாள். அன்றைக்கு அவள் அழவில்லை. நான்தான் கழிப்பறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

நாலாம் நாள் காலை அவள் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மட்டைக்கு நரம்பு கட்டுபவரிடம் அவளுடைய மட்டை ஒன்று இருந்தது. அதை வாங்கிவரப் போனேன். வழியில் ஒன்றாம் நம்பர் ஆடுகளத்தில் முக்கியச் சுற்று நடந்துகொண்டிருந்தது. அந்த நாலாவது பெயர்க்காரப் பெண்தான் ஆடினாள். ஓரிடத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன், பார்க்காமல் போயிருக்கலாம்.

நாலு நாலில் எதிராளியின் கணுக்கால் மடங்கியது. உட்கார்ந்துவிட்டாள். ஆட்கள் வந்து தூக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. எதிராளி விலகிக்கொண்டாள் என்று நடுவர் மைக்கில் அறிவித்தார். பதினாறு வயதுப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு புள்ளி கிடைத்துவிட்டது.

செயலாளர் என் பக்கத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வாய் சும்மா இருக்குமா?

"சும்மா நின்னே வாங்கிட்டா பாருங்க. என் பொண்ணு மூணு நாள் உயிரைக் கொடுத்து ஆடிட்டு அங்க படுத்துக் கெடக்கா. உங்களுக்குத் தூக்கம் வருதா சார்?"

அவர் வேலியிலிருந்து கையை எடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"சொல்லக்கூடாதுன்னு உங்க பொண்ணு கேட்டுக்கிட்டா. ஆனா நீங்க இப்படிப் பேசிக்கிட்டே இருந்தா நானும் மனுஷன்தானேம்மா. அந்த நாலாவது கார்டு உங்க பொண்ணுக்குத்தான். ரெண்டு வருஷம் முன்னாடி நான் பண்ணினது தப்பு. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. கமிட்டியில சண்டை போட்டுத்தான் அவ பேரை எழுத வெச்சேன். அன்னைக்குக் காலையில ஏழே முக்காலுக்கு அவளைக் கூப்பிட்டுக் காகிதத்தையே காட்டினேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்புறம்?" என்றேன்.

"வேண்டாம் சார், நான் ஆடியே வரேன்னா. தோள் விஷயம் எனக்கும் தெரியும். அவசரப்படாதம்மா, ஒன்பது மணி வரைக்கும் யோசி, தகுதிச் சுற்றில முதல் பந்து போட்டுட்டேன்னா அப்புறம் விதிப்படி உனக்குக் கார்டு கொடுக்க யாராலயும் முடியாதுன்னு சொன்னேன். ஒன்பதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப நான் நாலாம் நம்பர் கதவுக்கே வந்தேன். நீங்க அங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க. அவ உங்களைப் பார்த்தா, என்னைப் பார்த்து வேண்டாம்னு தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டா."

அவர் வந்ததை நான் பார்த்திருந்தேன். அன்றைக்கு அவரைப் பார்த்ததும் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அறைக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. மட்டையை வாங்கவே இல்லை. பாப்பா விழித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டாரா?"

"ம்."

"சொல்லாதீங்கன்னு அவ்வளவு கேட்டேன்."

"ஏண்டி இப்படிப் பண்ணினே? உன் தோளுடி. உன் புள்ளிடி. நான் ஆயிரம் உளறுவேன். என் பேச்சை ஒரு பேச்சுன்னு எடுத்துக்கிட்டு..."

அவள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"முதல் ஆட்டம் ஆடினப்ப வலியே இல்லைம்மா. முக்கியச் சுற்றுக்குப் போயிடலாம்னு நிஜமாவே நெனச்சேன். உள்ள போனதுக்கப்புறம் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். கார்டு கொடுத்தாங்க, நான்தான் வேண்டாம்னுட்டேன்னு. உன் முகம் எப்படி இருக்கும்னு நெனச்சுப் பார்த்துக்கிட்டே ஆடினேன். நீ ஃபேக்டரி பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவள் ஜெயித்திருந்தால் நான் சொல்லிக்கொண்டுதான் திரிந்திருப்பேன். மேஸ்திரியிலிருந்து வாசல் காவலாளி வரை ஒருவரையும் விட்டிருக்கமாட்டேன். தட்டில் வைத்து நீட்டியதைத் தள்ளிவிட்டு வந்தாள் என் பொண்ணு என்று மார் தட்டியிருப்பேன். அந்தத் தோளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு நாள் பெருமையை எனக்கு வாங்கிக் கொடுக்கத்தான் அவள் அன்றைக்கு அந்தக் கதவுக்குள் போயிருக்கிறாள்.

"ம்மா, கை மேல தூக்க முடியலை. தலையைக் கட்டி விடறியா?"

அவள் பின்னால் போய் உட்கார்ந்தேன். பத்து வயதுக்குப் பிறகு அவள் தலையில் நான் சீப்பு வைத்ததே இல்லை. முடி முழுக்கச் சிக்காக இருந்தது. என் முகம் அவளுக்குத் தெரியாது என்பதால் அழுதுகொண்டே வாரினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.