கல்லை நகர்த்தியவன்

என் மச்சானுக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம் உண்டு. கடைக்காரன் எடை போட்டால் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பார். தன் தங்கையை எனக்குக் கட்டிக் கொடுக்கும் முன் நான் வேலை பார்த்த இடத்துக்கெல்லாம் போய் விசாரித்தவர். அப்படிப்பட்ட மனிதரைக் கல்குவாரியின் மேல்படிக்கு மேஸ்திரியாக்கி, அவருக்குக் கீழே என்னை டிரில் பிடிக்கப் போட்டது முதலாளி செய்த புண்ணியம்.

மேல்படி என்பது குவாரியின் உச்சி. விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே நிற்கும் லாரி தீப்பெட்டியளவு தெரியும். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்றுதான் விளிம்புக்கு இந்தப் பக்கம் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக வைத்திருந்தோம். கல்லுக்கும் விளிம்புக்கும் நடுவில் இரண்டு ஆள் படுக்கும் இடம் இருக்க வேண்டும். கல்லைத் தாண்டுகிறவன் இடுப்பில் பெல்ட் கட்டி, பின்னால் பாறையில் அடித்திருக்கும் கம்பியில் கயிற்றை மாட்டிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். எல்லாம் மச்சான் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை.

சொன்னது ஒன்றே ஒன்று. மழைக்காலம் தொடங்கும் முன், எல்லாரும் நிற்கும்போது, “கல்லக் கொஞ்சம் விளிம்புப் பக்கம் தள்ளிவெச்சா மெஷினத் திருப்ப எடம் கெடைக்கும் மச்சான்” என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

முதல் மழை விட்டதும் மச்சான் டேப்பை எடுத்து அளந்தார். கல்லுக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு முழம் குறைந்திருந்தது.

“மாப்பிள்ளை, கல்லு நடந்து போயிருக்கு, பாருங்க.”

“கல்லு எப்படி மச்சான் நடக்கும்?”

“அதத்தான் நானும் உங்களக் கேக்கறேன்.”

மற்ற நாளில் என்னை வா, போ என்கிற ஆள். அவர் ‘பாருங்க’ என்றால் திட்டுக்கு மரியாதை உறை போட்டுக் கொடுக்கிறார் என்று அர்த்தம். கடப்பாரை போட்டு நாங்களே கற்களைப் பழையபடி உள்ளே நெம்பி வைத்தோம். அடுத்த மழைக்கு மறுபடியும் குறைந்தது. மறுபடியும் நெம்பினோம்.

எனக்கும் சந்தேகம் பிறந்தது. சும்மா சொல்லக் கூடாது, மச்சானோடு பழகினால் அது தொற்றிக்கொள்ளும். கற்கள் என் மெஷினை நோக்கி வந்துகொண்டே இருந்தன. இப்போது மெஷினைத் திருப்புவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். இந்த நேரம் பார்த்து மச்சானுடைய மனைவியின் தம்பி, எனக்கும் டிரில் பிடிக்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு அவர் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தான். அவரே கல்லைத் தள்ளுவார், அவரே அளப்பார், அவரே என்னைப் பிடிப்பார். நான் வெளியே, மச்சினன் உள்ளே. கணக்கு எனக்குச் சரியாகவே இருந்தது.

கம்ப்ரசர் ஓட்டுகிறவன் இரண்டு பக்கமும் மத்தளம் தட்டுகிற ஆள். என்னிடம் வந்து, “காலைல மொதல்ல வர்றது உன் மச்சான்தான், பாத்துக்கோ” என்றான். அதே வாயால் அவரிடம் போய், “சாயங்காலம் கடைசியா கெளம்பறது உங்க மாப்பிள்ளைதான்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

வீட்டில் என் மனைவி, துவைக்க எடுத்த சட்டையின் கைமடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன தேடற?”

“சுண்ணாம்பு ஒட்டியிருக்கான்னு பாத்தேன்.”

“நீயுமா? அண்ணனுக்கேத்த தங்கச்சிதான்!”

“கத்தாதீங்க. இன்னொரு தடவ கொறஞ்சா மொதலாளிகிட்ட சொல்லிடுவேன்னு அண்ணன் சொல்லிட்டாரு. அடுத்தவன் உயிரோட வெளையாடுனவன்னு பேரு வந்துட்டா, எந்தக் குவாரியில உங்கள சேப்பாங்க? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க தள்ளலியே?”

“இல்ல” என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனால் இன்னொரு கையின் மடிப்பையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டையைத் தண்ணீரில் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மச்சான் ஒரு டப்பா வெள்ளை பெயின்ட்டோடு வந்தார். எல்லாரையும் நிற்க வைத்து, முட்டி போட்டு, ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் பாறைத் தரையில் வட்டம் போட்டார்.

“இனிமே கல்லு நகந்தா வட்டம் சொல்லிடும்” என்றார்.

“நல்லாப் போடுங்க மச்சான். யாரு குட்டு வெளிய வருதுன்னு பாத்துடலாம்.”

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் இருவருக்கும் ஒரே விஷயத்தில் சந்தோஷம். அன்றைக்கும் நல்ல மழை.

காலையில் நான் போகும்போது ஆட்கள் கூடியிருந்தார்கள். கற்கள் வைத்தது வைத்தபடி வட்டத்துக்குள் இருந்தன. மச்சான் டேப்பின் நுனியை ஒரு கல்லில் மாட்டிவிட்டு அந்தப் பக்கம் தாண்டினார். இடுப்பில் பெல்ட் இல்லை.

“பெல்ட்டு மச்சான்.”

“எனக்கே சொல்லித் தர்றீங்களா?”

ஊருக்குத்தான் உபதேசம். விளிம்பில் போய் நின்று டேப்பைப் படித்தார். முகம் கறுத்தது.

“கொறஞ்சிருக்கு! கல்லத் தள்ளிட்டு, பழைய வட்டத்த அழிச்சுட்டுப் புதுசா போட்டிருக்கான். என்ன மூளடா சாமி!”

அழித்த தடமே இல்லை என்று காட்டி அவர் மூக்கை உடைக்கலாம் என்று குனிந்தேன். தடம் இல்லை. ஆனால் வட்டமும் முழுதாக இல்லை. நேற்று மூடியிருந்த கோடு இன்று நான் நின்ற பக்கத்தில் பிளந்திருந்தது. ஒரு வெடிப்பு அந்த வட்டத்தை அறுத்துக்கொண்டு அடுத்த கல்லின் வட்டத்துக்கு ஓடியது, அங்கிருந்து அதற்கடுத்த வட்டத்துக்கு. விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே போனது.

கல் எங்கேயும் நடக்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் விளிம்புதான் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து எங்களை நோக்கி வந்திருக்கிறது. உதிர்ந்தது கீழே வெடிவைத்து உடைத்த கல்லோடு கலந்து லாரியில் ஏறிப் போயிருக்கிறது. அசையவே அசையாது என்று நம்பி நாங்கள் அந்த விளிம்பிலிருந்தே அளந்திருக்கிறோம். இப்போது பாறை மொத்தமாகப் பிரிந்து நிற்கிறது. அதன்மேல் மச்சான் நிற்கிறார்.

“மச்சான், பாறை விரிஞ்சிருக்கு. சட்டுனு இந்தப் பக்கம் வந்துடுங்க.”

“நேத்து வரைக்கும் கல்லு, இன்னிக்குப் பாறையா? பேச்ச மாத்தாதீங்க மாப்பிள்ளை. எல்லாரும் இங்க வாங்கடா, வந்து டேப்பப் பாருங்க!”

கம்ப்ரசர்காரன் கல்லைத் தாண்டக் காலைத் தூக்கிவிட்டான். அவன் பனியனைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அந்தப் பக்கம் ஓடி அவரை இழுத்து வரலாம் என்றால், என் கனத்தையும் அந்தப் பாறை தாங்குமா? என் வாயிலிருந்து உண்மை வந்தால் அவர் நம்பமாட்டார். என்னைப் பற்றி அவர் நம்பத் தயாராக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

“நான்தான் தள்ளுனேன்!”

அவர் கையிலிருந்த டேப் தொய்ந்தது. “என்ன சொன்ன?” மரியாதை போய்விட்டது.

“ஆமாடா, நான்தான் தள்ளுனேன். உன் தங்கச்சிக்கும் தெரியும். என்ன பண்ணிடுவ? தைரியம் இருந்தா இங்க வந்து கேளு!”

டேப்பை வீசி எறிந்துவிட்டு வந்தார். கல்லைத் தாண்டி, வெடிப்பைத் தாண்டி, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அறைந்த அறையில் எனக்குக் காது அடைத்தது. அப்படியே அவரையும் இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். அடுத்த அறைக்கு அவர் கையை ஓங்கும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் மூட்டை சரிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம் கீழேயிருந்து பெரிய சத்தம் வந்தது. புழுதி மேலே எழும்பி எங்களை மூடியது. நல்லவேளை, கீழே வண்டிகள் இன்னும் வந்திருக்கவில்லை.

புழுதி அடங்கியதும் மச்சான் திரும்பிப் பார்த்தார். கல் இல்லை, வட்டம் இல்லை, அவர் நின்ற இடம் இல்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது.

“அப்ப நீங்க தள்ளலியா?”

“இல்ல மச்சான்.”

“அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“நெசத்தத்தான் மொதல்ல சொன்னேன். நீங்க வரலியே.”

அவர் என் சட்டையை விடாமலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கூடவே நானும் உட்கார வேண்டியதாயிற்று. கன்னம் தீயாக எரிந்தது. எனக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது.

“இங்க உக்கார வேணாம் மச்சான். இன்னும் உள்ள போயிடலாம்.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. எழுந்து வந்தார்.